பொந்துக்குள் என்ன இருக்கிறது?

தீவை ஒட்டிய பவளப்பாறைப் பொந்தில் ஒரு களவா மீன் குடியிருந்தது. தினமும் காலையில் படகு வரும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிய மனிதர்கள் தொப்தொப்பென்று குதிப்பார்கள். பொந்தைக் கைகாட்டி, கண்கொட்டாமல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

களவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்குப் பின்னால அப்படி என்னடா இருக்கு?" என்று பக்கத்துப் பொந்து நண்டைக் கேட்டது.

"தெரியலையே அண்ணே. நானும் எட்டி எட்டிப் பார்க்கிறேன், உங்க உடம்புதான் மறைக்குது."

களவா பொந்து முழுக்கத் துழாவியது. மணலும் இரண்டு சிப்பியும்தான் இருந்தன. குழப்பத்தில் இரைகூட இறங்கவில்லை.

"அவங்க நிக்கிற இடத்துல இருந்து பாருங்களேன்" என்றது நண்டு.

மறுநாள் படகுச் சத்தம் கேட்டதும் களவா வெளியேறி, மனிதர்களுக்குப் பின்னால் போய் மிதந்தது. எல்லோரும் பொந்தைப் பார்த்தார்கள். களவாவும் பார்த்தது. உள்ளே வெறும் இருட்டு. கூட்டிவந்தவர் கையை விரித்தார். எல்லோரும் முகம் வாடிப் படகேறினார்கள்.

களவா நண்டிடம் வந்து பெருமூச்சு விட்டது.

"நேத்தே பார்த்திருக்கணும்டா. இன்னிக்குன்னு பார்த்து அது எங்கேயோ போயிடுச்சு."