முதல் மனைவியின் பெயர்

என் கணவர் ஐவிந்த், நார்வே அரச பரம்பரையில் தன் குடும்பத்துக்கும் ஒரு கிளை இருக்கும் என்று தேவாலயப் பதிவேடுகளைக் கிளறிக்கொண்டிருந்தார். இதுவரை கிடைத்தது குத்தகைக் குடியானவர்களும் ஓர் ஆட்டுத் திருடனும்தான். பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல சின்னோவே என்ற பெண் வந்துபோனாள்.

"இங்க பாரு குன்வோர், பொண்டாட்டி செத்து மறுகல்யாணம் பண்ணினவன், பொறக்கிற முதல் பொண்ணுக்குச் செத்தவ பேரைத்தான் வச்சிருக்கான். என்ன மரியாதை!" என்றார்.

"செத்தாதான் மரியாதையா? எனக்கு அவசரமில்லைங்க மகாராஜா," என்றேன். சின்னோவே சிரிக்கவில்லை.

அந்த வார ஞாயிறு தேவாலயத்துக்குத் தாமதமாகப் போய், வழக்கம்போல என் தோழி இங்கெர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஞானஸ்நானத் தொட்டியருகே வெள்ளிப் பொத்தான் கோட்டில் ஐவிந்த் நின்றார். பக்கத்தில் சின்னோவே, விரலில் கல்யாண மோதிரம், கையில் குழந்தை. வெள்ளிக்கிழமைகூட அவளுக்கு வயிறு தட்டையாகத்தான் இருந்தது.

"குழந்தைக்குப் பேரு?" என்று பாதிரியார் கேட்டார்.

"குன்வோர்," என்றார் என் கணவர், மிகுந்த மரியாதையோடு.

"அடப்பாவி மனுஷா! நான் இங்கதானே இருக்கேன்!" என்று கத்தினேன்.

யாரும் திரும்பவில்லை. இங்கெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி இடத்தில் வைப்பதுபோலத் தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.