ஒரே ஒரு மறுப்பு

“கணக்கு டீச்சர்தானே? வாயால சொல்ல வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க” என்று கிளார்க்கின் மேஜைப் பக்கம் குனிந்து கேட்டார் கம்ப்யூட்டர் சார்.

கிளார்க் மறுப்பு எழுதி வந்திருந்த அந்த ஒரே சம்மதப் படிவத்தை டிராயரில் போட்டுப் பூட்டினார். “மறுத்தவங்க பேரச் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு சார். அதுவும் உங்ககிட்ட சொல்லவே கூடாது.”

பள்ளிக்கு இலவச ஆபீஸ் சாப்ட்வேரே போதும் என்று மல்லுக்கு நின்றவர் கம்ப்யூட்டர் சார். காசு கொடுத்தே வாங்கலாம் என்றவர் கணக்கு டீச்சர். இலவசம் என்றால் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் வெளிக் கம்பெனிக்குப் போகும். அதனால் எல்லாப் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மறுத்தாலும் விலைக்கு வாங்குவதுதான் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். யார் யோசனை ஜெயிக்கிறதோ, லேப் பொறுப்பு அவருக்கு.

முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். முந்நூற்றுப் பதினொன்று சம்மதம்.

டீச்சரின் மகன் இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அப்புறம் ஜோசியமா பார்க்க வேண்டும்? டீச்சர் இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டே வருஷம். ஹெச்.எம். அறையில் அந்தம்மாவுக்கு மட்டும் நாற்காலி, பிள்ளைகளின் பிறந்தநாள் மிட்டாய் முதலில் அந்தம்மாவுக்கு. பன்னிரண்டு வருஷமாக இவர் என்ன, லேப்பில் ஈயா ஓட்டிக்கொண்டிருந்தார்?

ஸ்டாஃப் ரூமில் பிடித்துக் கேட்டே விட்டார்.

டீச்சர் திகைத்துப்போனார். “ஐயோ, நான் சம்மதம்னுதான் சார் போட்டேன். நாலு பக்கம், யாருக்குப் படிக்க நேரம் இருக்கு? நீங்க குடுத்ததாச்சேன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.”

பொய் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி லேப்புக்கு நடந்தார்.

சாயங்காலம், அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டை சோபாவில் எறிந்தார். “பன்னெண்டு வருஷ உழைப்புக்கு வேட்டு வெச்சுட்டாங்க! முந்நூத்திப் பதினோரு பேர் பேசாம போட்டாங்க. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் என்ன கேடு?”

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்:

“நான் படிச்சுப் பாத்தேங்க.”