சம்பந்தியம்மாளின் சுருக்கம்

கண்ணுக்குக் கீழே விழும் சுருக்கத்துக்குக் கிரீம், ஊசி, இடமாற்றம் என்று மூன்று சிகிச்சைகள் இருந்தன. கிரீம் பலிக்காது, ஊசி வலிக்கும். அதனால் எல்லோரும் தங்கள் சுருக்கத்தை எடுத்து, சம்மதிக்கிற யாராவது ஒருவரின் முகத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

நாச்சிமுத்து எதற்கும் சம்மதிப்பவர். மனைவியுடையது, மைத்துனியுடையது, மில் மேனேஜருடையது எல்லாம் அவர் கன்னங்களை நிறைத்து இமை வரை ஏறியிருந்தன. மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை அவர் இமையை விரலால் தூக்கித்தான் பார்த்தார்.

“நகை, பணம் எதுவும் வேண்டாமுங்க,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க. எனக்குக் கண்ணுக்குக் கீழ நாலஞ்சு சுருக்கம் இருக்குது. கல்யாண போட்டோவுக்கு முன்னால அதை மட்டும் வாங்கிக்கிட்டாப் போதும். எங்க வீட்டுக்காரர் மூஞ்சியில இடமில்லைன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருங்க.”

பக்கத்திலிருந்த அவர் கணவர் தலையாட்டினார். அத்தனை சுருக்கத்துக்குள் அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

நாச்சிமுத்து முகத்தைத் தடவி இடம் தேடினார். “நெத்தி காலியாத்தான் இருக்குதுங்க.”

காப்பி கொடுத்துக்கொண்டிருந்த மகள் இளவேனில் நிமிர்ந்தாள். “நெத்தியில வெச்சா கண்ணு மூடிக்குமேப்பா. என் கல்யாணத்தை எப்படிப் பாப்பீங்க?”

“கெட்டிமேளம் கேக்குமில்ல. அதுல தெரிஞ்சுக்கறேன்.”

“அப்ப முகூர்த்தத்தைக் குறிச்சரலாமுங்க,” என்றார் சம்பந்தியம்மாள்.

மாப்பிள்ளை வாயருகே கொண்டுபோன காப்பி டம்ளரை இளவேனில் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.