மூன்று பத்திரங்களும் ஒரு தெருவும்

கடனை அடைத்து ஏழு மாதமாகியும் அமலோற்பவத்தின் வீட்டுப் பத்திரம் வங்கியில் அகப்படவில்லை. கிளை இடம் மாறியபோது எங்கோ போயிருக்கும் என்றார்கள். எட்டாம் மாதம் அவள் மேலாளரின் மேசையில் இருந்த காலண்டரையும் பேனாக் கூட்டையும் ஓரமாக நகர்த்திவிட்டு, பையிலிருந்து மூன்று பத்திரங்களை எடுத்தாள். வடக்கு வீட்டு ஞானதுரையின் பத்திரத்தை வடக்கே வைத்தாள். தெற்கு வீட்டு மும்தாஜுடையதைத் தெற்கே. பின்வீட்டுச் சிதம்பரத்தம்மாளுடையதை மேற்கே, தன் பக்கமாக. நடுவில் மேசைக் கண்ணாடி காலியாக இருந்தது.

“எல்லாம் ஒரிஜினல் சார். கேட்ட ஒடனே பீரோவத் தொறந்து தந்தாக. ரசீதுகூட கேக்கல. நாலெல்லை எழுதியிருக்கிற இடத்த மட்டும் வாசிங்க.”

மேலாளர் புரட்டினார். ‘அமலோற்பவம் வீட்டுக்கு வடக்கு’ என்றது ஒன்று. ‘அமலோற்பவம் வீட்டுக்குத் தெற்கு’ என்றது அடுத்தது. மூன்றாவதை அவர் திறக்கவில்லை.

“கிழக்க என்னம்மா?”

“தெரு. அங்கதான் நீங்க உக்காந்திருக்கீக.”

 பத்திரம் தொலைந்ததில் ஆட்சேபணை இல்லை, நகலே போதும் என்று அவள் பெயரில் தட்டச்சு செய்திருந்த தாளை, கையெழுத்துக்காக அவள் பக்கம் தள்ளினார். அது கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு வந்து, நடுவில் நின்றது.

அமலோற்பவம் அதைத் தொடவில்லை.

“எடுங்க சார்,” என்றாள். “வீட்டுக்குள்ள கெடக்கு.”

தாளை எடுக்க நீண்ட மேலாளரின் கை, தெருவோரம் வந்து நின்றுவிட்டது.