நூற்றுக்கு நூறு வருகை

ஒரு நாள்கூட லீவு போடாத மாணவனைப் பார்த்து, அரசு அலுவலக ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாப்பது நாளும் வகுப்புல இருந்திருக்கியேப்பா! காலேஜ் சர்டிஃபிகேட்டே சொல்லுது. நூத்துக்கு நூறு!"

"சார், அந்த நாப்பது நாளும் நான் மலை உச்சியில பதுங்கு குழிக்குள்ள கிடந்தேன்."

அவன் பகலில் லிஃப்ட் மெக்கானிக், சாயங்காலத்தில் பாலிடெக்னிக் மாணவன், அழைப்பு வந்தால் ரிசர்வ் படைச் சிப்பாய். இந்த வருஷம் அழைப்பு சரியாகப் பரீட்சைக்கு முன்னால் வந்து தொலைத்தது. திரும்பி வந்த மறுவாரமே பரீட்சை எழுதி, எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டான்.

படைப்பணியால் படிப்பு கெட்டவர்கள் அந்தப் பருவத்தை மறுபடி படித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் பெரிய மனசு பண்ணிச் சலுகை கொடுத்திருந்தது. அந்த நாட்களில் வகுப்புக்கு வரவில்லை என்று கல்லூரி எழுதிக் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். மனுக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

கிளார்க் இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "நீ அங்க இருந்தேன்னு படைக் கடிதம். இங்க இருந்தேன்னு காலேஜ் கடிதம். ஒரே ஆளு ரெண்டு இடத்துல எப்படிப்பா இருக்க முடியும்? ஏதோ ஒண்ணு பொய். எதுன்னு நான் கிளற ஆரம்பிச்சா உனக்குத்தான் வம்பு."

"என் மூஞ்சியப் பாருங்க சார். வகுப்புல உக்காந்திருந்தவன் மூஞ்சியா இது?"

வெயிலில் முகம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஹெல்மெட் வார் படிந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"மூஞ்சிய ஃபைல்ல வைக்க முடியாது" என்றார் கிளார்க்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் படிக்கட்டும் என்று மூன்று வருஷமாகப் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளையும் ஒண்டி ஆளாகக் கட்டி மேய்க்கிறாள். ஒழுங்காக வகுப்புக்குப் போனதால் படிப்பு போய்விட்டது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

வெறுத்துப்போய்த் திரும்பியவனுக்குப் போன உயிர் வந்தது. வரிசையில் அவனுக்கு அடுத்து நின்றவர் அவனுடைய விரிவுரையாளர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான்.

"சார், இவர்தான் எங்க வாத்தியார்!" என்று அவரைக் கையோடு இழுத்து வந்து ஜன்னல் முன்னால் நிறுத்தினான். "நான் வரலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விரிவுரையாளர் கையிலிருந்த பழுப்பு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவரும் வெயிலில் நன்றாகவே வதங்கியிருந்தார். இருந்த அவசரத்தில் அதை யார் கவனித்தார்கள்?

"என் பதிவேடு தப்புன்னு சொல்றியா?" என்று சீறினார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு டிக் மாறினது கிடையாது. பேர் பேராக் கூப்பிட்டு, ஆளைப் பாத்துதான் போடுவேன்."

"நான் அங்க இல்லவே இல்லையே சார்!"

"இருந்தே. மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம். தூங்கி வழிஞ்சேன்னு ஒரு நாள் திட்டினேனே, ஞாபகமில்ல?"

அவர் சொன்ன வேகத்தில் அவனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

கிளார்க்குக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. 'நிராகரிக்கப்பட்டது' முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் நன்றாக அழுத்தினார்.

"வாத்தியாரே நேர்ல வந்து சொன்னப்புறம் பேச்சே கிடையாது. சரி, நீங்க என்ன விஷயமா வந்தீங்க சார்?"

விரிவுரையாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, உறையைப் பிரித்துத் தன் மனுவை நீட்டினார்.

"நானும் ரிசர்வ்தான் சார். என் மேல்படிப்பும் கெட்டுப்போச்சு. அதே நாப்பது நாள் நானும் முகாம்லதான் இருந்தேன்."