இடப்பக்கத் திருப்பம்

“பெண் எலிங்களை வச்சு மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்மா” என்றார் சார்.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய உதவியாளரான அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புற்றுநோய் மருந்து ஏற்றினால் சிலருக்கு ஞாபகம் தடுமாறும். எலிக்கும் அப்படித்தான். நேற்றுவரை இடப்பக்கம் திரும்பிச் சாப்பாட்டைக் கண்டுபிடித்த எலி, மருந்து ஏறியதும் வலப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு மாற்று மருந்து கண்டுபிடிக்கத்தான் சாரும் அவளும் இத்தனை நாள் மாரடித்தார்கள்.

ஆண் எலிகள் தெளிந்துவிட்டன. பெண் எலிகள் இன்னும் மோசமாகிவிட்டன.

“ஆண்களுக்கு மட்டும்னு போட்டுக் கட்டுரையை அனுப்பிடலாமே சார்?”

“அந்த வரி ஏதோ ஒரு மூலையில பொடி எழுத்துல கிடக்கும். எந்த டாக்டர் படிப்பார்? பெண்களுக்கும் எழுதிக் கொடுத்துடுவாங்க.”

“இன்னும் ஒரு வருஷம் ஆகும் சார்.”

“ஆகட்டும்.”

பிடித்த பிடியில் நின்றார். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். வயிறு எரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு, கொஞ்ச நாளாக அவளைப் பழைய உதவியாளரின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் சொன்ன கேள்வியையே திரும்பக் கேட்கிறார். பெயரே ஞாபகம் இல்லாத மனுஷருக்கு அவள் வேலையைப் பற்றி என்ன கவலை இருக்கப் போகிறது?

வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்களுக்கென்ன சார், உங்க நாற்காலி கெட்டியா இருக்கு. காத்துக்கிட்டிருக்கிறவங்களுக்குத்தானே கஷ்டம் தெரியும்.”

சார் கையிலிருந்த எலியை ஒரு விரலால் தடவிக் கூண்டில் விட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று உறுத்தியது. பின்னாலேயே போனாள்.

வாசலுக்குப் போக நடைக்கூடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வருஷக்கணக்காக அவர் நடக்கிற வழி.

சார் வலப்பக்கம் திரும்பினார். அங்கே வழி கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அவரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

வாசல் பக்கமிருந்து அவர் மனைவி வேகமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் பக்கம்ங்க. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. இன்னிக்கும் மருந்து ஏத்தணும்ல?”

பிறகு அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க மாற்று மருந்து ஆண்களுக்கு நல்லாக் கேட்குதாமே? அது வந்துட்டா இவருக்கும் தெளிஞ்சிடும்னு காத்துக்கிட்டிருக்கேன். கொஞ்சம் சீக்கிரம் விடக்கூடாதாம்மா? கேட்டா, ‘என் உதவியாளர் ரொம்ப நேர்மையான பொண்ணு, பெண் எலிங்களுக்குச் சரியாகாம அனுப்பவே விடமாட்டா’ன்னு உன்னைத்தான் பெருமையாச் சொல்றார்.”