உச்சியில் காத்திருந்தவள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த அந்தச் செம்பாறை முகட்டில் ஒரு நேரத்தில் ஓராள்தான் நடக்க முடியும். இருபுறமும் ஆயிரம் அடிப் பள்ளம். ராய்ஸ் பாறையில் பதித்திருந்த சங்கிலியைப் பிடித்தபடி முன்னால் ஏறினான். அவன் மனைவி லோர்னா பின்னால் வந்தாள்.

“ஆமையே உன்ன முந்திரும் போல!” என்று வழியெல்லாம் கிண்டல் செய்தாள்.

“வாய மூடிட்டு வா. எனக்கு மூச்சு வாங்குது.”

உச்சியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். லோர்னா அங்கே உட்கார்ந்து காலணியிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் இவ்வளவு நேரம்? அரை மணியா காத்திருக்கேன்.”

அவனைத் தாண்டி யாரும் போகவில்லை. வேறு பாதையும் கிடையாது.

பின்னால் சங்கிலி குலுங்கியது. விளிம்புக்குக் கீழே லோர்னாவின் குரல் கேட்டது: “ராய்ஸ், கை குடு. வழுக்குது.”

அவன் பதறி மண்டியிட்டுக் கையை நீட்டினான். பழகிய விரல்கள் இறுகப் பற்றிக்கொண்டன.

உட்கார்ந்திருந்தவள் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“விட்டுரு, ராய்ஸ்.”